வேலூர் தாதியர் பள்ளியும் எங்கள் பிள்ளைகளும்

(எமது சங்கத்தின் சித்திரை வருடப்பிறப்பு விழாவில் ஆற்றிய உரை)



நான் மேடைப் பேச்சாளன் அல்ல. ஊரில் ஏ.எல். வரைக்கும் படித்தவன். இங்கே சுவிசுக்கு வந்த நாள் தொடக்கம் ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டுகிற பகுதியில் மூன்று சிப்ட்டும் மாறி மாறி வேலை செய்கிறவன். பிள்ளைகளின் தொழில் தெரிவு பற்றி ஒருவர் பேசவேணும் என்று சங்கத்தில் கேட்டார்கள். டொக்டர், எஞ்சினியர், வங்கி, கொம்பியூட்டர் பற்றிப் பேசுவதற்கு என்னை விடத் தகுதியான ஆட்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கினம். ஆகவே நான் ஒருவரும் எடுக்காத ஒரு தொழிலை எடுத்துக்கொண்டேன். நேர்ஸ் வேலை. அதைச் சொல்லுவதற்கு உங்களை வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன்.

ஏன் இந்தத் தலைப்பு என்றதை முதலே சொல்லிவிடுகிறேன். என்ர அக்காவின்ர மகளுக்கு இப்ப பதினைந்து வயது. அவளிட்டைக் கேட்டுப்போட்டுத்தான் இங்கே சொல்லுறன். அவள் பள்ளிக்கூடம் முடிய ஆஸ்பத்திரியில் லேர செய்யப்போகிறன் என்று நிற்கிறாள். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து வீட்டு ரெலிபோன் ஓயவில்லை. "கக்கூஸ் கழுவுறதுக்கோ இவ்வளவு காசு குடுத்து வெளிநாட்டுக்கு வந்தனீங்கள்?" என்று ஒரு உறவுக்காரர் கேட்டார். அக்கா அழுகிறா. அத்தான் ஒன்றும் சொல்லுறாரில்லை. லேர ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு.

சரி, வேலூர். சி.எம்.சி. ஆஸ்பத்திரி என்றால் எங்கட ஆட்களில் கேள்விப்படாதவர் குறைவு. மாறாத வருத்தம் என்றால் காணி நகையை வைத்தாவது வேலூருக்குக் கொண்டுபோகிற வழக்கம் எங்களிடம் இருக்கு. ஆனால் அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கிய குடும்பத்துக்கும் எங்கட பண்டத்தரிப்புக்கும் உள்ள தொடர்பு கன பேருக்குத் தெரியாது. ஜோன் ஸ்கடர் என்ற அமெரிக்க டொக்டர் 1819ஆம் ஆண்டின் கடைசியில் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பில் இருந்து வைத்தியம் பார்த்தவர். 1836இல் அங்கிருந்து சென்னைக்குப் போனார். அவருடைய பேத்திதான் ஐடா ஸ்கடர். வேலூர் ஆஸ்பத்திரியை உருவாக்கியவர் அவதான்.

ஐடா அம்மையார் 1870இல் இந்தியாவில் பிறந்து, அமெரிக்காவில் படித்தவ. 1890 அளவில் தாய்க்கு வருத்தம் என்று திண்டிவனத்துக்கு வந்தா. மிசன் வேலையிலும் வைத்தியத்திலும் அவவுக்கு விருப்பம் இருக்கவில்லை. தாய்க்குச் சுகம் வர, திரும்பிப்போய் அமெரிக்காவில் வசதியாக இருக்கவேணும் என்றதுதான் எண்ணம். அப்படி இருக்கும்போது ஒரு இரவு, ஒருவருக்குப் பின் ஒருவராக மூன்று ஆண்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து. மூன்று பேருடைய மனைவிமாரும் பிள்ளை பெற முடியாமல் கிடக்கினம். தகப்பன் டொக்டர்தான், அவர் வரலாம் என்று சொல்லியும் அவர்கள் சம்மதிக்கவில்லை. அந்நிய ஆம்பிளை தங்கட பெண்களைத் தொடக்கூடாது, நீங்கள் வாருங்கோ என்று கேட்டார்கள். இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. அதுக்குப் பிறகுதான் அவ அமெரிக்காவுக்குப் போய் டொக்டருக்குப் படித்து, 1899இல் கோர்ணெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் எடுத்து, 1900இல் வேலூருக்கு வந்து சேர்ந்தா.

இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் வழக்கமாக இந்த இடத்தில் நிறுத்திப்போடுவினம். பொம்பிளை டொக்டர் வந்திட்டா, இனி எல்லாம் சரி என்ற மாதிரி. எனக்கு முக்கியமாகப் படுகிறது இதுக்குப் பிறகு நடந்ததுதான்.

1902இல் நாற்பது கட்டிலோடு பெண்களுக்கான ஆஸ்பத்திரி திறந்தாயிற்று. நியூயோர்க்கில் ஒரு வங்கிக்காரர் தன்ர மனைவியின் நினைவாகக் கொடுத்த பத்தாயிரம் டொலரில் கட்டினது. சனம் வந்து நிரம்பிவிட்டது. அப்ப யோசித்துப் பாருங்கோ. வயிற்றை வெட்டித் தைக்கிற வேலை ஒரு மணித்தியாலத்தில் முடியும். அதுக்குப் பிறகு காய்ச்சல் ஏறுதா, புண் நாறுதா, இரத்தம் போகுதா என்று இரவு பகல் பத்து நாள் ஆர் பார்க்கிறது? பென்சிலின் இல்லாத காலம் அது. கை கழுவுறது, சீலை அவிக்கிறது, நாடி பார்க்கிறது, வேளைக்குத் தண்ணி பருக்கிறது, இவைகளில்தான் ஒரு ஆளின் உயிர் நிற்கும். ஒற்றை டொக்டர் எத்தனை கட்டிலுக்கு ஓடுவா?

அதனால் 1909இல் அங்கே தாதியர் பள்ளி தொடங்கியது. டீலியா ஹௌட்டன் என்ற அமெரிக்க நேர்ஸ் அதிலே முக்கியமாக உழைத்தவர். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அதே இடத்தில் தொடங்கியது 1918இல். கவனியுங்கோ, டொக்டர்மாரைப் படிப்பிக்க முதல், ஒன்பது வருஷத்துக்கு முந்தியே நேர்ஸ்மாரைப் படிப்பிக்கத் தொடங்கிவிட்டார்கள். எது இல்லாமல் எது நடக்காது என்று அவவுக்கு விளங்கியிருக்கு.

ஆனால் படிக்க ஆள் வேணுமே! அந்தக் காலத்து இந்தியாவில் எழுத வாசிக்கத் தெரிந்த பெண் பிள்ளைகளே குறைவு. தெரிந்த பிள்ளைகளுக்கும் சின்ன வயதிலேயே கலியாணம். இரவிலே வீட்டுக்கு வெளியே நிற்கிற வேலை, அந்நிய ஆட்களின் உடம்பைத் தொடுகிற வேலை, மலசலம் எடுக்கிற வேலை. அதைச் செய்வதற்கென்றே சில சாதிகளை ஒதுக்கி வைத்திருந்த சமுதாயம். நல்ல குடும்பத்துப் பிள்ளை இதுக்குப் போகுமா என்று கேட்டார்கள். ஆகவே இந்தியா முழுக்க ஆரம்பத்தில் இந்தப் படிப்புக்கு வந்தவர்களில் கிறிஸ்தவப் பிள்ளைகள்தான் பெரும்பான்மை. விதவைகளும் வந்தார்கள். கிறிஸ்தவர்களிலும் கன பேர், ஊரில் கிணற்றில் தண்ணி அள்ள விடாமல் வைத்திருந்த குடும்பங்களில் இருந்து வந்தவர்கள். அந்தப் பிள்ளைகள் வெள்ளைச் சீலை உடுத்து, நோயாளிக்குக் கட்டளை போடுகிற நிலைக்கு வந்ததை நினைத்துப் பார்க்க எனக்கு மெய் சிலிர்க்கிறது. "இந்தா, எழும்பி இரு, மருந்தைக் குடி" என்றால் மிராசுதாரும் குடிக்கத்தான் வேணும்!

பள்ளியின் நோக்கம் என்ன என்று கேட்டால், கிறிஸ்துவின் வழியில் நோயாளருக்குப் பணி செய்வது என்று அவர்கள் ஒளிக்காமல் சொல்லுவார்கள். தமக்குப் பிறர் ஊழியம் செய்வதை விட்டு, தாம் பிறருக்கு ஊழியம் செய்யவேணும் என்ற கருத்துத்தான் அந்த நிறுவனம் முழுவதற்கும் குறிக்கோள் வாசகம். ஜெபமும் உண்டு, ஆராதனையும் உண்டு. நான் சைவக்காரன். "அவங்கள் மதம் மாத்தத்தானே செய்தவங்கள்" என்று இங்கே யாராவது மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தால், அந்த எண்ணம் அந்தக் காலத்து மிசனில் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருந்தது. ஆனால் கட்டிலில் கிடந்தவரின் சாதியையும் சமயத்தையும் பார்த்துப் பராமரிக்கிறதில்லை என்பதும் அதே பள்ளியின் நோக்கம்தான். முதல் கதவு தட்டினவர்களே ஒரு முஸ்லிமும் இரண்டு இந்துக்களும் அல்லவா? எங்கட கோயில்கள் தேரும் மணிமண்டபமும் கட்டின அளவுக்கு நேர்ஸ்மாரைப் படிப்பிக்க ஒரு கட்டிடம் கட்டினதா என்ற கேள்வியும் எனக்குள் எழும்புகிறது. வருடப்பிறப்பு நாளில் சண்டைக்கு வரவில்லை, கேள்வியை மட்டும் வைத்துவிட்டுப் போகிறேன்.

அடுத்தது, படிப்பின் தரம். சொன்னதைச் செய்கிற வேலைக்காரியை உருவாக்குகிறது ஒரு வழி. ஏன் செய்கிறேன் என்று தெரிந்து செய்கிற ஆளை உருவாக்குகிறது இன்னொரு வழி. வேலூர் இரண்டாவது வழியில் போனது. 1946இல் அந்தப் பள்ளி கல்லூரியாகி, சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நேர்சிங்கில் பட்டப்படிப்பைத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதன்முதலாகத் தொடங்கிய பட்டப்படிப்புக்களில் அது ஒன்று. அதே 1946இல்தான் இந்திய அரசாங்கம் நியமித்த போர் கமிட்டி தன்னுடைய அறிக்கையை வெளியிட்டது. அந்தக் கமிட்டியின் கணக்கின்படி நாடு முழுவதற்கும் இருந்த நேர்ஸ்மார் 7,000 பேர் அளவில். ஏறக்குறைய 43,000 பேருக்கு ஒரு நேர்ஸ். இப்படிப் பஞ்சம் இருக்கிற நேரத்தில் பட்டப்படிப்பு எதுக்கு, கெதியாக நாலு பேரைப் பழக்கி அனுப்பினால் காணாதா என்று கேட்கலாம். மற்றவர்களைப் படிப்பிக்கத் தகுதியான நேர்ஸ்மார் இல்லாவிட்டால் அந்தப் பஞ்சம் ஒருநாளும் தீராது என்பதுதான் அதுக்கு மறுமொழி.

இதை நான் புத்தகத்தில் மட்டும் பார்க்கவில்லை. 2012இல் அப்பாவுக்கு இருதய வால்வு மாற்றுவதற்கு வேலூருக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு லொட்ஜில் அறை எடுத்து, ஒரு மாதத்துக்கு மேல் நின்றேன். அந்த றோட்டில் தமிழை விட வங்காளம்தான் கூடக் கேட்கும், அவ்வளவு தூரத்தில் இருந்து சனம் வருகுது.

அப்பாவை வாட்டுக்கு மாற்றின பிறகு ஒருநாள் காலமை, ஒரு மாணவி உடம்பு துடைக்க வந்தாள். வடகிழக்கு இந்தியப் பக்கத்துப் பிள்ளை, தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். பின்னாலே ஒரு ஆசிரியை. அந்த ஆசிரியை வகுப்பில் மட்டும் படிப்பிக்கிறவ இல்லை, அந்த வாட்டின் பொறுப்பும் அவவுக்கு உண்டு. அங்கே படிப்பிக்கிறவையும் நோயாளியைப் பார்க்கிறவையும் வேறு வேறு ஆட்களாக இருக்கக்கூடாது என்பது அந்தக் கல்லூரியின் கொள்கை. பிள்ளை பேசினில் சுடுதண்ணியைக் கொண்டுவந்து வைத்து, துவாயை நனைத்து, அப்பாவின் சேட்டுப் பொத்தானில் கை வைத்தாள். ஆசிரியை நிற்பாட்டினா. திரையை இழுக்கவில்லை, தண்ணிச் சூட்டைத் தன் கையில் பார்க்கவில்லை, எல்லாவற்றையும் விட முக்கியமாக, தொடப்போகிறேன் என்று அவரிடம் கேட்கவில்லை. முதலிலிருந்து செய் என்றா. பிள்ளை பேசினையும் எடுத்துக்கொண்டு வெளியே போய்த் திரும்ப வந்து, "அப்பா, உடம்பு துடைக்கட்டுமா?" என்று கேட்டாள். அப்பா வாழ்க்கையில் எத்தனையோ வரிசையில் நின்றவர், எத்தனையோ பேர் அவரைக் கேட்காமல் தடவிச் சோதித்திருக்கினம். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கு. முதுகு துடைக்கிற சாட்டில் அந்தப் பிள்ளை படுக்கைப் புண் தொடங்குதா, தோல் எங்கே சிவந்திருக்கு, மூச்சு எப்படி வாங்குகிறார் என்று முழுக்கப் பார்த்து எழுதினாள். அதுதான் படிப்பு. வெளியாலே நின்று பார்த்தால் தண்ணி வார்க்கிற மாதிரித்தான் தெரியும்.

வீட்டுக்கு அனுப்ப முதல் என்னை இருத்தி வைத்து ஒரு மணித்தியாலம் பாடம். செயற்கை வால்வு போட்ட ஆளுக்கு இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் குளிசை. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் போடவேணும், இரத்தம் சோதிக்கவேணும். கீரை சாப்பிடலாம், ஆனால் ஒரு கிழமை நிறைய, அடுத்த கிழமை இல்லை என்று மாற்றக்கூடாது, அளவு ஒரே மாதிரி இருக்கவேணும், இல்லாவிட்டால் குளிசையின் வேலை கூடிக் குறையும். பல் பிடுங்கப் போனால் இந்தக் குளிசை எடுக்கிறார் என்று முதலே சொல்லவேணும். பிறகு கேட்டாள்: உங்கட ஊரில் இரத்தம் சோதிக்க எவ்வளவு தூரம் போகவேணும்? வீட்டில் தண்ணி கிணறா குழாயா? சமைக்கிறது ஆர்? யாழ்ப்பாணம் எங்கே இருக்கு என்றே தெரியாத பிள்ளை, அப்பாவின்ர வீட்டு அடுப்படி வரைக்கும் வந்து பார்த்துவிட்டுத்தான் எங்களை அனுப்பினாள்.

படித்து முடித்த பிறகு இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்பதிலும் ஒரு நோக்கம் இருக்கு. கன பிள்ளைகளைத் திருச்சபைகள்தான் பொறுப்பெடுத்து அங்கே படிக்க அனுப்புகின்றன. படிப்பு முடிய, பொதுவாக இரண்டு வருஷம், அந்தச் சபை சொல்லுகிற மிசன் ஆஸ்பத்திரியில் வேலை செய்யவேணும். அது அனேகமாகப் பெரிய பட்டணமாக இராது. மலைப் பக்கம், காட்டுப் பக்கம், பஸ் போகாத இடமாகவும் இருக்கும். ஐடா அம்மையாரே 1909 அளவில் ஒரு பழைய பெஜோ காரில் றோட்டோரத்து மரங்களுக்குக் கீழே நிறுத்தி நிறுத்தி வைத்தியம் பார்த்தவ. ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவனிடம் ஆஸ்பத்திரி போகவேணும் என்ற எண்ணம் அப்போதிருந்தே வந்தது.

எல்லாம் நினைத்தபடி நடந்தது என்று சொன்னால் அது பொய். இரண்டு வருஷம் முடிய கன பேர் வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போய்விடுகிறார்கள். நேர்ஸ் சம்பளம் இந்தியாவில் கன தனியார் ஆஸ்பத்திரிகளில் வெட்கப்படத்தக்க மாதிரி இருக்கு. வீட்டுக் கடன், தங்கச்சியின் கலியாணம். ஊழியம் என்ற சொல்லைக் காட்டி ஒரு தொழிலாளிக்குக் குறைந்த கூலி குடுக்கிறதை, தொழிற்சாலையில் நிற்கிற நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாங்கள் இருக்கிற இந்த நாட்டிலேயே, லொசான் நகரில் 1859இல் லா சூர்ஸ் என்ற தாதியர் பள்ளியைத் தொடங்கினார்கள். தொடங்கியவர்கள் நல்ல விசுவாசமுள்ள புரட்டஸ்தாந்துக் குடும்பம். நேர்ஸ் என்றால் கன்னியாஸ்திரி மாதிரி விரதம் எடுக்கத் தேவையில்லை, கலியாணம் கட்டலாம், சம்பளம் வாங்கவேணும் என்று அந்தக் காலத்திலேயே நின்றவர்கள். பக்தியும் இருக்கலாம், சம்பளமும் இருக்கலாம், ஒன்று மற்றதை வெட்டாது.

ஊரை விட்டுப் போனவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் எல்லோரும் போன ஆட்கள்தானே. 1960களில் இருந்தே கேரளத்துக் கிறிஸ்தவப் பெண் பிள்ளைகள் சபைகளின் மூலமாக ஜேர்மனிக்கு நேர்ஸ் வேலைக்கு வந்தார்கள். பாஷை தெரியாமல், குளிரில், தனியாக. அவர்களின் காசில் கேரளத்தில் எத்தனை வீடுகள் எழும்பின!

இனி எங்கட வீட்டுக்கு வருகிறேன். இந்த மண்டபத்தில் இருக்கிற தாய்மாரில் எத்தனை பேர் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறீர்கள்? கையை உயர்த்தச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். சமையலறை, துப்புரவு, உடுப்புத் தோய்க்கிற பகுதி. அதிலே ஒரு குறையும் இல்லை. ஆனால் அதே கட்டிடத்தில் உங்கட மகள் வெள்ளைச் சட்டையோடு ஊசி போடுகிற ஆளாக நிற்பதை மட்டும் ஏன் குறைவாக நினைக்கிறோம்? உறவுக்காரர் சொன்ன அந்தக் கக்கூஸ் கதைக்கு வருவோம். கழுவத்தான் வேணும். அந்த ஆசிரியையும் கழுவினவ, ஐடா அம்மையாரும் கழுவியிருப்பா. அந்தக் கேள்வி கேட்டவர் நாளைக்குப் படுக்கையில் விழுந்தால், அவரையும் ஒருவர் கழுவவேணும். அப்ப வருகிற ஆள் படித்த ஆளாக, தமிழ் தெரிந்த ஆளாக இருந்தால் அவருக்கு விருப்பம் இருக்காதோ? எங்கட முதல் தலைமுறை இங்கே வயது போய்க்கொண்டிருக்கு. ஜேர்மன் மறந்து, தமிழ் மட்டும் மிஞ்சி நிற்கப்போகிற ஆட்கள் அவர்கள்.

இந்த நாடே இதை யோசித்துவிட்டது. 2021ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பில், நேர்ஸ்மாரின் படிப்புக்கும் வேலை நிலைமைக்கும் அரசாங்கம் கூடக் கவனம் எடுக்கவேணும் என்று 61 வீதமான வாக்குகள் விழுந்தன. படிக்க வசதியும் இருக்கு. மூன்று வருஷ லேர. அது முடிய உயர் தொழிற்பாடசாலைக்குப் போகலாம். பேறுஃப்ஸ்மற்றூரா செய்தால் பட்டப்படிப்புக்கும் போகலாம். லேர எடுத்தால் படிப்பு முடிந்துபோச்சு என்று நினைக்கிறது எங்கட ஊர் முறையை வைத்து. இங்கே அது ஒரு வாசல்தான். பெடியன்களும் போகலாம், போகவும் வேணும். ஆம்பிளை நோயாளியைத் தூக்கி இருத்த ஆள் இல்லாமல் கஷ்டப்படுகினம்.

அத்தானும் இங்கேதான் பின்வரிசையில் இருக்கிறார். அத்தான், உங்களை மேடையில் வைத்து மடக்குவதாக நினைக்கவேண்டாம். அந்தப் பிள்ளை மூன்று நாள் சுனுப்பர் போய் வந்து, ஒரு கிழவி தன்ர கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை என்று என்னட்டைச் சொன்னவள். உங்களிட்டைச் சொல்லப் பயந்துபோய் இருக்கிறாள். கேளுங்கோ, அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு அறிவித்தல். தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில் மூன்று பேர் நிற்பார்கள். ஒரு தங்கச்சி ஆஸ்பத்திரியில் நேர்ஸ், ஒருவ முதியோர் இல்லத்தில், மற்றத் தம்பி இப்ப லேர இரண்டாம் வருஷம். சுனுப்பருக்கு எப்படி எழுதுகிறது, சம்பளம் எவ்வளவு, இரவு வேலை எப்படி, எது கஷ்டம் என்று ஒளிக்காமல் சொல்லுவார்கள். ஒன்பது மணி வரைக்கும் நிற்பார்கள். பிள்ளைகளை மட்டும் அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கோ.